வட்டி இறங்கினால்தான் கடன் இறங்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இலக்கியமும் சமயமும் பேசிப் பழகிய மேடை இது. இந்த ஆண்டு கடன்பற்று அட்டைக் கடன் பேசுபொருளாகியிருக்கிறது. சிறிய சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் அந்தக் கடனிலிருந்து எப்படி மீள்வது என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை இப்போது கேட்க வேண்டிய காரணம் ஒரு சம்பள அறிவிப்பில் இருக்கிறது.

சிங்கப்பூரில் படிப்படியாக உயரும் சம்பள முறையின் கீழ், முழுநேரப் பாதுகாவல் அதிகாரியின் குறைந்தபட்ச மொத்த ஊதியம் 2024 ஜனவரியில் 2,650 வெள்ளியானது. ஆண்டுக் கணக்கில் 31,800 வெள்ளி. சிங்கப்பூர் நாணய ஆணைய விதிப்படி, 55 வயதுக்கு உட்பட்ட குடிமகனோ நிரந்தரவாசியோ கடன்பற்று அட்டை பெற ஆண்டுக்கு 30,000 வெள்ளி வருமானம் வேண்டும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நடந்தது விளங்கும். இரவுப் பணியில் கண்விழித்து நிற்கும் ஊழியர் ஒருவர் அட்டை வாங்கத் தகுதி பெற்றவராகிவிட்டார். ஊதியம் உயர்ந்தது நல்ல செய்தி. பல ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த நியாயம். அந்த உயர்வோடு சேர்ந்து வரும் அட்டையை எப்படிக் கையாள்வது என்பதை யாராவது அவருக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும்.

வடக்கு முனையில் ஒரு பேட்டை

இந்த அவையோர் வந்திருக்கும் மார்சிலிங் வட்டாரம், உட்லண்ட்ஸ் நகரின் பழைய பகுதி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகள் இங்கே 1970களில் எழுந்தன. எம்ஆர்டி நிலையம் 1996 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1924-ல் திறப்பு விழா கண்ட கடற்பாலம் பக்கத்தில்தான். அதைத் தாண்டினால் ஜோகூர் பாரு. அந்தப் பக்கத்திலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிள்களில் வேலைக்கு வருகிறவர்களும், இந்தப் பக்கத்திலிருந்து வார இறுதியில் மளிகை வாங்கப் போகிறவர்களும் ஒரே சோதனைச்சாவடியைக் கடக்கிறார்கள். மார்சிலிங் லேன் ஈரச்சந்தைக்கும் உணவங்காடிக்கும் காலையில் வருகிறவர்களில் துப்புரவாளர், பாதுகாவலர், பேருந்து ஓட்டுநர், கிடங்குப் பணியாளர் எனப் பலரும் உண்டு. சுங்கை காடுட் அரசகேசரி சிவன் கோவிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போகும் குடும்பங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

இத்தகைய வீடுகளில் கடன் பெரும்பாலும் ஆடம்பரத்தால் வருவதில்லை. ஒருவரின் வேலை சில மாதம் நின்றுபோகும். பிள்ளையின் படிப்புக்கு மடிக்கணினி வாங்க வேண்டியிருக்கும். ஊரில் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. அவசரமாக டிக்கெட் எடுத்தாக வேண்டும். தீபாவளிக்குத் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் ஒரு சுற்றுச் செலவு. அட்டையை நீட்டினால் அந்த மாதம் கடந்துவிடும். அடுத்த மாதம் வரும் அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும்: முழு நிலுவை ஒன்று, குறைந்தபட்சத் தொகை இன்னொன்று. கையில் இருப்பது இரண்டாவதைக் கட்டத்தான் போதும்.

குறைந்தபட்சத் தொகை என்ன செய்கிறது

சிங்கப்பூர் வங்கிகளின் அட்டை வட்டி பொதுவாக ஆண்டுக்கு 25 முதல் 28 விழுக்காடு வரை இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் நிலுவையில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. தேதி தவறினால் ஏறக்குறைய நூறு வெள்ளி தாமதக் கட்டணம். இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மாதம் 2,650 வெள்ளி வாங்கும் ஒருவர். மத்திய சேம நிதிக்கு அவர் பங்காக 20 விழுக்காடு, அதாவது 530 வெள்ளி போனபின் கைக்கு வருவது 2,120 வெள்ளி. அவர் அட்டைகளில் மொத்த நிலுவை 12,000 வெள்ளி, வட்டி 27 விழுக்காடு என்று கொள்வோம். முதல் மாத வட்டி மட்டும் 270 வெள்ளி. குறைந்தபட்சமாக அவர் கட்டுவது 360 வெள்ளி. கட்டியதில் நான்கில் மூன்று பங்கை வட்டி எடுத்துக்கொள்ள, அசலில் குறைவது 90 வெள்ளி.

அடுத்த மாதம் நிலுவை சற்றே குறைவதால் குறைந்தபட்சத் தொகையும் சற்றே குறையும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கடன் குறையக் குறைய, கட்டச் சொல்லும் தொகையும் குறைந்துகொண்டே போவதால், தீர்வு தள்ளித் தள்ளிப் போகிறது. புதிதாக ஒரு காசு கூடச் செலவு செய்யாமல் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிவந்தால் 12,000 பாதியாகவே ஏழு ஆண்டுக்கு மேலாகும். முழுவதும் தீர இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகும். நாற்பது வயதில் தொடங்கியவர் ஓய்வுபெறும் வயதில் அதே கடனைக் கட்டிக்கொண்டிருப்பார்.

இதே மனிதர் அறிக்கை என்ன தொகை கேட்டாலும் கவலைப்படாமல், மாதம் தவறாமல் முதல் மாதத்தின் அதே 360 வெள்ளியைக் கட்டுகிறார் என்று கொள்வோம். கடன் ஐந்து ஆண்டு, இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். முதல் மாதச் செலவுக்கு மேல் ஒரு வெள்ளி கூட அவர் கூடுதலாக ஒதுக்கவில்லை; தொகையைக் குறையவிடவில்லை, அவ்வளவே. இருபது ஆண்டு மிச்சமாகிறது. ஆனாலும் அவர் கட்டும் மொத்தம் 22,400 வெள்ளியைத் தொடும். வட்டி மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்.

இனி வட்டியை மாற்றிப் பார்ப்போம். அதே 12,000, அதே 360, வட்டி மட்டும் 8 விழுக்காடு. மூன்று ஆண்டு இரண்டு மாதத்தில் கடன் முடிகிறது. மொத்த வட்டி ஏறக்குறைய 1,600 வெள்ளி.

இந்த மூன்று கணக்கையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகிறது. சிற்றூதியக்காரருக்குத் தரப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் சிக்கனத்தைப் பற்றியவை. காப்பிக்கடையில் குடிக்காதே, வீட்டிலேயே சமை, டாக்சியில் ஏறாதே என்பார்கள். 2,120 வெள்ளியில் வாழும் குடும்பம் இதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களிடம் இன்னும் கிள்ளுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கிள்ள வேண்டிய இடம் வட்டி. 27 விழுக்காட்டை ஒற்றை இலக்கத்துக்கு இறக்கும் ஒரு நடவடிக்கை பத்தாண்டுச் சிக்கனத்தைவிட அதிகம் தரும். அந்த நடவடிக்கைக்கு வழிகள் சட்டப்படியே உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

பழைய கடனும் பழைய மருந்தும்

வட்டியோடு தமிழருக்கு இந்த ஊரில் இருக்கும் உறவு புதிதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் என்னும் கடன்கடைகளை நடத்தினார்கள். வங்கிகள் ஏறெடுத்துப் பார்க்காத சிறு வணிகர்களும் உழைப்பாளிகளும் கடனுக்காக அந்தத் திண்ணைகளுக்குப் போனார்கள். 1859-ல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோவில் எழுந்ததும் அந்தச் சமூகத்தால்தான். நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் மறைந்துபோயின.

வட்டிக் கடனுக்கு மாற்றாக இங்கே தோன்றிய மருந்தும் பழையதே. கடன்கொடுப்பவர்களிடம் சிக்கிய அரசாங்க ஊழியர்களுக்காக 1925-ல் சிக்கன, கடன் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் கூட்டுறவுச் சங்கம் அதுதான். அதற்கு இருபத்தோர் ஆண்டுக்கு முன்பே, 1904-ல், இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் திருவள்ளூருக்கு அருகே திரூரில் ஒரு சங்கம் எழுந்தது. நோக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றே. கடன் வாங்காதே என்று உபதேசம் செய்யாமல், மலிவான வட்டிக்கு மாற்றுக் கடன் கொடுத்து, தவணையில் அடைக்கச் செய்தார்கள். மாதாமாதம் சிறு சேமிப்பையும் கட்டாயமாக்கினார்கள். நூறு ஆண்டுக்கு முன் அவர்கள் கண்ட வழியைத்தான் இன்றைய கடன் ஒருங்கிணைப்புத் திட்டங்களும் பின்பற்றுகின்றன.

பக்கத்து நாடுகளும் இந்தப் பாடத்தைப் பல விதமாகப் படித்திருக்கின்றன. கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் அட்டை வட்டிக்கு 18 விழுக்காடு உச்சவரம்பு உண்டு. ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு அது 15 வரை இறங்கும். மத்திய வங்கி 2006-ல் தொடங்கிய ஏகேபிகே என்னும் அமைப்பு அங்கே இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறது. இந்தியாவில் நிலைமை வேறு. 30 விழுக்காட்டுக்கு மேல் அட்டை வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. சென்னையில் மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு வரை வட்டி வாங்கும் அட்டைகள் இருக்கின்றன. ஊரிலும் ஓர் அட்டை, இங்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறவர்கள் ஊர் அட்டையை முதலில் அடைக்க வேண்டும்.

எதை முதலில் அடைப்பது

ஒரே கடன் இருப்பவர்கள் குறைவு. இரண்டு மூன்று அட்டை, தொலைபேசிக் கட்டண பாக்கி, நகர மன்றப் பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம், தவணையில் எடுத்த குளிர்சாதனப் பெட்டி என்று கடன் பல முகத்தோடு வரும். இந்தப் பன்மை மனத்தை என்ன செய்கிறது என்பதைச் சிங்கப்பூரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

மெதடிஸ்ட் நலச் சேவை அமைப்பு, நெடுநாள் கடனில் இருந்த குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒரு முறை உதவியாக 5,000 வெள்ளி வரையிலான கடன்களை அடைத்துக் கொடுத்தது. அந்த உதவி பெற்ற 196 பேரை உதவிக்கு முன்பும் மூன்று மாதத்துக்குப் பின்பும் ஓங் ச்சியான், வால்டர் தெசைரா, ஐரீன் இங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முடிவுகள் 2019-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியாயின. கவனத்தைச் சோதிக்கும் பயிற்சியில் அவர்கள் செய்த பிழை 17 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக இறங்கியிருந்தது. பதற்ற நோயின் அறிகுறி காட்டியவர்கள் 78 விழுக்காட்டிலிருந்து 53 ஆகக் குறைந்திருந்தார்கள். இதில் முக்கியமான கண்டுபிடிப்பு வேறொன்று. எவ்வளவு வெள்ளி அடைக்கப்பட்டது என்பதைவிட, எத்தனை கடன் கணக்குகள் மூடப்பட்டன என்பதே மனத்தெளிவைத் தீர்மானித்தது. ஒரே தொகை உதவி பெற்ற இருவரில், அதிகக் கணக்குகள் மூடப்பட்டவரின் சிந்தனை அதிகம் தெளிந்தது.

கடன்காரர் பொறுப்பில்லாததால் தவறாக முடிவெடுக்கிறார் என்று சமூகம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. இந்த ஆய்வு காரணத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டியது. எந்தப் பாக்கிக்கு எப்போது நாள், எதை ஒத்திப்போடலாம் என்று நாள்முழுதும் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் மூளைக்கு மற்றவற்றைச் சிந்திக்க இடம் இருப்பதில்லை. கணக்கை மூடினால் மூளை விடுபடுகிறது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்ற பழைய வாதத்துக்கும் இதில் விடை இருக்கிறது. அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்தால் காசு மிச்சம் என்பது கணிதம். சிறிய கடனை முதலில் முடித்தால் மனம் தெம்பு பெறும் என்பது அனுபவம். சிங்கப்பூர் அட்டைகளின் வட்டி எல்லாமே 25-க்கும் 28-க்கும் இடையில் நெருங்கி நிற்பதால், அட்டைகளுக்குள் சிறியதை முதலில் முடிப்பதால் வரும் நட்டம் மிகச் சொற்பம். ஆகவே வரிசை இப்படி அமையலாம். வீட்டுத் தவணையும் வாடகையும், தண்ணீரும் மின்சாரமும், நகர மன்றக் கட்டணமும் எப்போதும் முன்னே. அடுத்து, உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் வாங்கிய கடன்; அதன் வட்டி அட்டையைவிட அதிகம். அதன்பின் அட்டைகள், சிறியதிலிருந்து பெரியதை நோக்கி. ஓர் அட்டை முடிந்ததும் அதற்குக் கட்டிவந்த தொகை முழுவதும் அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். முடிந்த அட்டையை வங்கிக்கு எழுதி ரத்துசெய்ய வேண்டும்.

தீபாவளி போனஸோ பதின்மூன்றாம் மாதச் சம்பளமோ கிடைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 12,000 வெள்ளிக் கடனுக்கு மாதம் 360 கட்டுகிறவர், ஆண்டுக்கு ஒரு முறை 1,000 வெள்ளியைக் கூடுதலாகச் செலுத்தினால், 27 விழுக்காட்டு வட்டியிலேயே கூட மூன்று ஆண்டு பத்து மாதத்தில் முடித்துவிடுவார். அப்படி மூன்று முறை போடும் 3,000 வெள்ளி, வட்டியில் ஏறக்குறைய இன்னொரு 3,000 வெள்ளியைத் தடுக்கிறது. வேறெந்தச் சேமிப்பும் இந்த விகிதத்தில் பலன் தராது.

பெட்டியில் இருக்கும் நகையைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் அடகுக் கடைக்காரர் மாதம் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஆண்டுக்கு 18 விழுக்காடு. அட்டையில் 27. தேக்காவில் அடகுக் கடைப் படியேறுவதை அவமானமாக நினைத்து அட்டையில் வட்டி கட்டும் குடும்பங்கள் மலிவான கடனை விட்டுவிட்டு விலையுயர்ந்த கடனைச் சுமக்கின்றன. அதே நேரத்தில் ஆறு மாதத் தவணையை மறக்கக் கூடாது. மீட்காமலும் புதுப்பிக்காமலும் விட்டால் நகை போய்விடும். அணியாமல் கிடக்கும் ஒரு சங்கிலியை விற்றே ஓர் அட்டையை மூட முடியுமானால், அதைச் செய்வதில் இழிவு எதுவும் இல்லை.

சட்டப்படி இருக்கும் வழிகள்

முதல் வழி, கடன் கொடுத்த வங்கியே. தவணை தவறுவதற்கு முன்பே போய், வேலை போய்விட்டது, சம்பளம் குறைந்துவிட்டது என்று எடுத்துச் சொல்லி, நிலுவையைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றிக் கேட்கலாம். தவறியபின் போவதைவிட, தவறுமுன் போகிறவருக்குப் பேரம் பேச இடம் அதிகம். சில வங்கிகள் நிலுவையை ஆறு மாதமோ ஓராண்டோ வட்டியில்லாமல் மாற்றித் தருகின்றன. தொடக்கத்தில் ஒரு கட்டணம் உண்டு. அந்தக் காலத்துக்குள் முழுவதும் அடைக்க முடிகிறவர்களுக்கு அது நல்ல வழி. முடியாதவர்கள் காலம் முடிந்த மறுநாளே பழைய வட்டிக்குத் திரும்பிவிடுவார்கள்.

இரண்டாவது, கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்னும் அறநிறுவனம். இருபது ஆண்டுக்கு மேலாக இயங்குகிறது. கடன் நிர்வாகம் பற்றிய இலவச விளக்கக் கூட்டத்தில் முதலில் கலந்துகொள்ள வேண்டும். பிறகு ஆலோசகர் ஒருவர் வருமானத்தையும் செலவையும் உட்கார்ந்து கணக்கிட்டு, எல்லா வங்கிகளுக்கும் ஒரே திருப்பிச் செலுத்தும் திட்டத்தை முன்வைப்பார். வங்கிகள் ஏற்றால் வட்டி இறங்கும், தவணை நிலையாகும், பல கடன் ஒரே ஒழுங்குக்குள் வரும். அட்டைகள் முடக்கப்படும், கடன் வரலாற்றில் அது பதிவாகும். அதற்காக இந்த வழியைத் தவிர்ப்பவர்கள் உண்டு. 27 விழுக்காட்டில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் புதுக் கடன் வாங்க முடியாமல் போவது இழப்பாகாது. அவருக்குத் தேவையே அதுதான்.

மூன்றாவது, 2017 ஜனவரியில் வங்கிகள் சங்கம் கொண்டுவந்த கடன் ஒருங்கிணைப்புத் திட்டம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும், ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறையாமலும் 1,20,000-க்கு உட்பட்டும் இருந்து, பிணையில்லாக் கடன் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தால், ஒரு வங்கி மற்ற எல்லா வங்கிகளின் பாக்கியையும் அடைத்துத் தானே ஒற்றைக் கடனாக ஏற்கும். வட்டி அட்டையைவிடக் குறைவு. ஆய்வு சொன்ன கணக்கு மூடும் பலன் இதில் ஒரே நாளில் கிடைக்கிறது.

இந்தப் பன்னிரண்டு மாத எல்லையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாணய ஆணையம் 2015-ல் கொண்டுவந்த விதி, ஒருவரின் வட்டி ஏறும் பிணையில்லாக் கடன் ஒரு வரம்பை மூன்று மாதம் தொடர்ந்து தாண்டினால், எந்த வங்கியும் அவருக்கு மேலும் கடன் தரக் கூடாது என்றது. வரம்பு முதலில் இருபத்து நான்கு மாதச் சம்பளம், 2017-ல் பதினெட்டு, 2019 ஜூனிலிருந்து பன்னிரண்டு. இது பல குடும்பங்களைக் காத்த விதி. ஆனால் 2,650 வெள்ளி சம்பளக்காரருக்குப் பன்னிரண்டு மாதம் என்பது 31,800 வெள்ளி. அதற்கு மாத வட்டி மட்டும் 700 வெள்ளிக்கு மேல், கைக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதிக வருமானம் உள்ளவர் அந்த எல்லைவரை தாங்கலாம். சிற்றூதியக்காரர் அதற்கு வெகு முன்பே முறிந்துவிடுவார். சட்டத்தின் வேலி அவருக்குத் தூரத்தில் இருப்பதால், தனக்கான வேலியை அவரே அருகில் போட்டுக்கொள்ள வேண்டும். நிலுவை மூன்று மாதச் சம்பளத்தைத் தொட்டதுமே உதவி கேட்பது பொருத்தமான எல்லை.

கடைசி வழி நீதிமன்றம். கடன் 15,000 வெள்ளியைத் தொட்டால் கடன்கொடுத்தவர் திவால் மனு போடலாம். மனு வந்தபின், கடன் 1,50,000 வெள்ளிக்குள் இருந்து, நிலையான வருமானம் உள்ளவர்களுக்குக் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம் ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுக்குள் தவணையில் அடைத்தால் திவாலைத் தவிர்க்கலாம். திவாலானாலும் மத்திய சேம நிதியைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. உரிமையாளர்களில் ஒருவராவது குடிமகனாக இருக்கும் வீவக வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. வீடே போய்விடும் என்ற அச்சத்தில்தான் பலர் கடைசி நிமிடம்வரை ஒளிந்து திரிகிறார்கள். திவாலின் தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. அதிகாரியின் அனுமதியின்றி வெளிநாடு போகக் கூடாது. மார்சிலிங்வாசிக்கு அந்த வெளிநாடு பாலத்தின் மறுமுனையிலேயே தொடங்குகிறது.

போகக் கூடாத வழிகள்

அட்டைக் கடனை அடைக்க இன்னொரு விலையுயர்ந்த கடனை வாங்குவதுதான் குடும்பங்களை உடைக்கிறது. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர்கள் 2015 அக்டோபரிலிருந்து மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. எளிய கணக்கில் அது ஆண்டுக்கு 48 விழுக்காடு. தொடக்கத்தில் கடனில் 10 விழுக்காடுவரை கட்டணம் பிடிக்கலாம். தாமதத்துக்கு மாதம் 60 வெள்ளிவரை வாங்கலாம். சட்டம் போட்ட வேலி இது. அந்த வேலிக்குள்ளேயும் அட்டையைவிட இந்தக் கடன் சுமைதான்.

வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ கடன் தருகிறோம் என்று வரும் எதையும் நம்பக் கூடாது. உரிமம் பெற்றவர்கள் அப்படி விளம்பரம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படிச் செய்கிறவர்கள் ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக் கும்பல் அல்லது மோசடிக்காரர்கள். வாசலில் சாயம் ஊற்றி, சுவரில் கிறுக்கி, பக்கத்து வீட்டுக்காரரையும் மிரட்டும் தொழில் அவர்களுடையது. உரிமமற்றவர் கொடுத்த கடனைச் சட்டப்படி வசூலிக்க முடியாது. அவர்களிடம் சிக்கியவர் போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

இப்போது வாங்கிப் பிறகு கட்டும் செயலிகளுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. 2022-ல் வந்த நடத்தை விதிகள், கூடுதல் பரிசீலனை இல்லாமல் ஒரு நிறுவனம் ஒருவருக்கு 2,000 வெள்ளிக்கு மேல் நிலுவை வைக்கக் கூடாது என்கின்றன. மூன்று செயலி வைத்திருந்தால் மூன்று புதுக் கணக்கு. கணக்குகளைக் குறைக்க வேண்டிய நேரத்தில் அவை கூடுகின்றன.

அட்டை பெறவே முடியாத நம் ஊழியர்களின் கடனும் உண்டு. கிராஞ்சியிலும் சுங்கை காடுட்டிலும் வேலைசெய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் முகவர் கட்டணத்துக்காக ஊரில் நிலத்தையும் நகையையும் அடகுவைத்து வருகிறார்கள். அது தனியே விரிவாகப் பேச வேண்டிய பொருள். ஆனாலும் வட்டியை முதலில் இறக்கு என்ற முறை அவர்களுக்கும் பொருந்தும். தனியார் வட்டியில் இருக்கும் கடனை ஊரில் கூட்டுறவு வங்கியின் நகைக் கடனுக்கு மாற்றினாலே சுமை குறையும்.

வாய்திறக்க வேண்டிய வீடுகள்

இந்த வழிகளையெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்பது வெட்கம். கணவரின் அட்டை நிலுவை மனைவிக்குத் தெரியாது. மனைவி சீட்டுப் பணம் எடுத்து அடைத்தது கணவருக்குத் தெரியாது. தங்கை திருமணத்துக்கு அண்ணன் அட்டையில் எடுத்தது அம்மாவுக்கே தெரியாது. ஒவ்வொருவரும் தனித்தனியே 27 விழுக்காடு கட்டிக்கொண்டு, ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதினாலே குடும்பத்தின் மொத்த வட்டி எவ்வளவு என்பது முதன்முறையாகத் தெரியவரும். கடன் கொடுத்தவர் பெயர், நிலுவை, வட்டி, மாதத் தவணை, கட்ட வேண்டிய நாள் ஆகிய ஐந்து பத்திகள் போதும். பிள்ளைகள் பெரியவர்களாக இருந்தால் அவர்களும் அந்தத் தாளைப் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வெளியிலும் கைகள் இருக்கின்றன. பீட்டி ரோட்டில் உள்ள, 1991-ல் தொடங்கிய சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், குடும்பங்களுக்கு ஆலோசனை தருகிறது. சோற்றுக்கும் வாடகைக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டால் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவி கேட்கலாம். வருமானம் குறைந்த ஊழியர்களுக்கு வேலைநலத் துணை வருமானம் உண்டு. 2025 முதல் மாதம் 3,000 வெள்ளிவரை சம்பாதிப்பவர்களும் வயது முதலிய மற்ற தகுதிகள் இருந்தால் அதில் சேர்கிறார்கள். அதில் ரொக்கமாக வரும் பங்கைக் கடன் தாளின் முதல் வரிக்கு ஒதுக்கலாம்.

கோவில் நிர்வாகங்களிடமும் தமிழ் அமைப்புகளிடமும் ஒரு கோரிக்கை. நூறு ஆண்டுக்கு முன் இந்த ஊரில் கடன்பட்டவர்களுக்காகச் சங்கம் கூட்டினார்கள். இன்று சங்கம் தொடங்கவே வேண்டியதில்லை. அமைப்புகள் இருக்கின்றன, படிவங்கள் இருக்கின்றன. ஆங்கிலப் படிவத்தின் முன் தயங்கி நிற்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்கி நிரப்பித் தரும் ஆள்தான் இல்லை. வங்கியிலும் கணக்கியலிலும் பணியாற்றும் நம் இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயர் கேட்காமல், தீர்ப்புச் சொல்லாமல் இந்த வேலையைச் செய்ய முன்வர வேண்டும். தீபாவளிக்கு முன்பும் பள்ளி திறக்கும் ஜனவரிக்கு முன்பும் இதைச் செய்தால் பயன் இரட்டிப்பாகும்.

இறுதியாக, அட்டை நிலுவையோடு இந்த அவையில் அமர்ந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கடன் எவ்வளவாக இருந்தாலும், அடுத்த தவணை நாளுக்கு முன் அந்தத் தாளை எழுதி முடியுங்கள். அறிக்கை எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் கட்டும் தொகையைக் குறைக்காதீர்கள். மொத்தம் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தால், வங்கியையோ கடன் ஆலோசனை அமைப்பையோ இந்த வாரமே அழைத்து, வட்டியைக் குறைக்க வழி கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.